குளோரோப்ரீன் சுவாசித்த சுண்டெலிகளின் நுரையீரல் கட்டி: பழைய பாரஃபின் பிளாக்கில் கே-ராஸ் பிறழ்வு எது நிஜம், எது ஃபார்மலின்?

கண்ணாடிச்சில்லு (கேள்வி)

வணக்கம். கையில் இருப்பவை பி6சி3எஃப்1 என்ற கலப்பினச் சுண்டெலிகளின் பாரஃபின் பிளாக்குகள் (ஃபார்மலினில் ஊறவைத்து மெழுகில் பதித்த திசு). குளோரோப்ரீன் (நியோப்ரீன் ரப்பரின் மூலப்பொருள்) ஆவி, நாளுக்கு 6 மணி நேரம், வாரம் 5 நாள், இரண்டு ஆண்டு என்ற வழக்கமான சோதனை முறை. வேதிப்பொருள் சுவாசித்த சுண்டெலிகளிடமிருந்து 20 நுரையீரல் கட்டிகள் கிடைத்தன, சுத்தமான காற்று சுவாசித்த கட்டுப்பாட்டுக் குழுவிலிருந்து 9. பிளாக்குகள் பல ஆண்டு பழையவை.

பிறழ்ந்தால் கட்டியைத் தூண்டும் கே-ராஸ் மரபணுவின் 12, 13, 61-ஆம் கோடான்களை (மூன்றெழுத்துத் தொகுதிகளை) பி.சி.ஆர் மூலம் பெருக்கி, சாங்கர் வரிசை வாசிப்பு முறையில் படித்ததில் மூன்று சிக்கல்கள்.

ஒன்று, 12-ஆம் கோடானில் ஜி.ஜி.டி என்பது ஜி.ஏ.டி ஆக மாறியதாகப் பல மாதிரிகளில் தெரிகிறது. அதே டி.என்.ஏ-வில் பி.சி.ஆரைத் திரும்பச் செய்தால் சிலவற்றில் காணாமல் போகிறது. இரண்டு, 61-ஆம் கோடானில் சி.ஏ.ஏ → சி.டி.ஏ மாற்றம் குறைந்த செறிவுக் குழுவில் அதிகம், அதிக செறிவுக் குழுவில் குறைவு. தலைகீழாக இருக்கிறதே, மாதிரிகள் இடம் மாறிவிட்டனவா? மூன்று, கட்டுப்பாட்டுக் குழுவில் 9 கட்டிதான். இதை வைத்து என்ன ஒப்பிட முடியும்? போதாததற்கு ஒரே சுண்டெலியில் இரண்டு, மூன்று கட்டிகள் இருக்கும் நேர்வுகளும் உண்டு.

ஹார்டேரியன் (கண்ணுக்குப் பின்னால் இருக்கும்) சுரப்பிக் கட்டிகளும் சில உள்ளன. அவற்றையும் சேர்க்கலாமா?

---

பாரஃபின்_மேசை

முக்கியமாக முதல் சிக்கலுக்குப் பதில் சொல்கிறேன். மற்றவை பெரும்பாலும் இதைச் சரிசெய்த பிறகு கேட்க வேண்டிய கேள்விகள்.

திரும்பச் செய்தால் காணாமல் போகும் ஜி.ஏ.டி கிட்டத்தட்ட உறுதியாக ஃபார்மலினின் வேலை. ஃபார்மலினில் கிடந்த திசுவில் சைட்டோசின் அமினோ தொகுதியை இழந்து யுராசில் ஆகிவிடும். பாலிமரேஸ் யுராசிலைத் தைமின் என்று படிக்கும். ஆக எதிர் இழையில் சி → டி, நீங்கள் படிக்கும் இழையில் ஜி → ஏ. 12-ஆம் கோடானின் நடு எழுத்தில் இது நடந்தால் ஜி.ஜி.டி அப்படியே ஜி.ஏ.டி. முதல் எழுத்தில் நடந்தால் ஏ.ஜி.டி. 13-ஆம் கோடானில் ஜி.ஜி.சி → ஜி.ஏ.சி. இந்த மூன்றும் கண்ணில் பட்டால் உடனே சந்தேகப்படுங்கள். இதில் கொடுமை என்னவென்றால், ஜி.ஏ.டி சுண்டெலிகளில் தானாக வரும் கட்டிகளிலும் நிஜமாகவே அடிக்கடி வருவது. பொய்யும் மெய்யும் ஒரே உருவத்தில் வருகின்றன. அதனால் "இது தெரிந்த பிறழ்வுதானே" என்று விட்டுவிட முடியாது.

வெட்டுவதிலிருந்து தொடங்குங்கள். முதலில் 5 மைக்ரான் சீவல் ஒன்று, ஹெச் அண்ட் இ சாயம் போட. அடுத்து 10 மைக்ரானில் 6 முதல் 8 சீவல்கள் டி.என்.ஏ-வுக்கு. கடைசியாக மறுபடி 5 மைக்ரான், அதற்கும் சாயம். மேலும் கீழும் உள்ள இரண்டு ஸ்லைடிலும் கட்டி இருந்தால்தான் நடுவில் எடுத்த சீவல்களில் கட்டி இருக்கிறது என்று சொல்லலாம். சுண்டெலி அடினோமாக்கள் (பரவாத சிறு கட்டிகள்) 1 மில்லிமீட்டர்கூட இல்லாமல் இருக்கும். எட்டுச் சீவலுக்குள் கட்டியே தீர்ந்துபோய் வெறும் நுரையீரலைச் சுரண்டிக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கும் தவறு. கட்டியின் எல்லையை மேல் ஸ்லைடில் பேனாவால் வரைந்து, சாயமில்லாத சீவலை அதன்மேல் பொருத்தி, ஊசி முனையால் உள்பகுதியை மட்டும் சுரண்டுங்கள். ஒவ்வொரு பிளாக்குக்கும் பிளேடை மாற்ற வேண்டும். இடையே வெறும் பாரஃபின் பிளாக் ஒன்றைச் சீவி, அதையும் மாதிரி போலவே கடைசி வரை கொண்டுபோங்கள். அதில் பி.சி.ஆர் பட்டை வந்தால் அந்த நாள் வேலை முழுவதும் செல்லாது.

சைலீன் இரண்டு முறை, முழு எத்தனால் இரண்டு முறை, உலர்த்தல். பிறகு புரோட்டினேஸ் கே, 56 டிகிரியில் இரவு முழுதும். காலையில் கரையாத துணுக்கு இருந்தால் நொதியை இன்னொரு முறை சேருங்கள். அதன்பின் 90 டிகிரியில் 1 மணி நேரம். பலர் தாவிவிடும் படி இதுதான். ஃபார்மால்டிஹைடு போட்ட குறுக்குப் பிணைப்புகள் இந்தச் சூட்டில்தான் அவிழும். இதைவிட நீட்டினால் டி.என்.ஏ துண்டாகும், சைட்டோசின் சிதைவும் கூடும்.

அளவைப் புற ஊதா உறிஞ்சலில் பார்க்காதீர்கள். பழைய பிளாக்கில் அது பல மடங்கு கூட்டிக் காட்டும். ஒளிர்சாய முறையில் அளவிடுங்கள். சுண்டெலியின் ஒற்றைத் தொகுதி மரபணுத்தொகை சுமார் 3 பிக்கோகிராம். 10 நானோகிராம் என்றால் ஏறத்தாழ 3,300 படிகள். பழைய பிளாக்கில் இவற்றில் பெருகக்கூடியவை சில நூறுதான் தேறும். பி.சி.ஆர் தொடக்கத்தில் நிஜமாகப் பெருகுபவை 20, 30 படிகள் மட்டும் என்றால், அதில் சிதைந்த ஒரு சைட்டோசின்கூட வரைபடத்தில் தனி முகடாக எழும்பும். உங்கள் ஜி.ஏ.டி வந்து வந்து மறைவதற்குக் காரணம் இதுதான்.

சரிசெய்யும் வழி:

பி.சி.ஆருக்கு முன் யுராசில் டி.என்.ஏ கிளைக்கோசிலேஸ், அதாவது யு.டி.ஜி, 37 டிகிரியில் அரை மணி நேரம். யுராசில் உள்ள இழைகள் வெட்டப்பட்டுவிடும். கே-ராஸ் 12-ஆம் கோடான் சி.பி.ஜி இடத்தில் (சி-யை அடுத்து ஜி வரும் இடத்தில்) இல்லாததால் இங்கே யு.டி.ஜி நன்றாக வேலை செய்யும். பி53 என்ற மரபணுவுக்கு இதே நம்பிக்கை வேண்டாம். அங்கே சி.பி.ஜி இடங்களில் மீத்தைல் ஏறிய சைட்டோசின் சிதைந்தால் நேராகத் தைமினே ஆகிவிடுகிறது, யு.டி.ஜி-க்கு அது தெரியாது.

பெருக்கும் துண்டின் நீளம் 150 எழுத்துக்குள் இருக்கட்டும். 12, 13-க்கு ஒரு ஜோடி பிரைமர், 61-க்குத் தனி ஜோடி. பழைய கட்டுரைகளில் இவை 1, 2-ஆம் எக்ஸான் என்றிருக்கும். இப்போதைய எண்ணிக்கையில் 2, 3. பிரைமர் வடிவமைக்கும்போது இங்கே குழம்பித் தவறான எக்ஸானைப் பெருக்குவது சர்வசாதாரணம்.

பாலிமரேஸ் தேர்வும் முக்கியம். பி.எஃப்.யூ வகை நொதி வார்ப்பு இழையில் யுராசிலைக் கண்டால் நின்றுவிடும். அது நமக்கு நல்லது. யுராசிலைத் தாண்டிப் போகும்படி மாற்றி அமைத்த நொதிகளும் சந்தையில் உண்டு, அவற்றைத் தவிருங்கள்.

ஒரே டி.என்.ஏ-விலிருந்து தனித்தனியாக இரண்டு பி.சி.ஆர், இரண்டு இழையிலும் வாசிப்பு. இரண்டிலும் வந்தால் மட்டுமே பிறழ்வு என்று பதியுங்கள். ஒன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் மூன்றாவது முறை செய்து பெரும்பான்மை பார்க்க வேண்டாம். புதிதாகச் சீவி, புதிதாக டி.என்.ஏ எடுங்கள்.

உங்கள் சி.டி.ஏ-வைப் பொறுத்தவரை ஒரு நிம்மதி. ஏ → டி மாற்றத்தை ஃபார்மலின் வழக்கமாக உண்டாக்குவதில்லை. அது திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலும் நிஜம். ஜி → டி-க்கு இந்தச் சலுகை கிடையாது. குவானின் ஆக்சிஜனேற்றமடைந்தால் பிளாக்கிலேயே அது பொய்யாகத் தோன்றலாம்.

ஹார்டேரியன் சுரப்பி கண்ணுக்குப் பின்னால் இருப்பது. பிணப் பரிசோதனையில் அதைக் கண்ணோடு சேர்த்து டேவிட்சன் கரைசலில் போட்டார்களா, தனியாக ஃபார்மலினில் போட்டார்களா என்று பதிவேட்டைப் பாருங்கள். டேவிட்சனில் அசிட்டிக் அமிலம் இருக்கிறது, அமிலம் டி.என்.ஏ-வை நறுக்கும். பூவான் கரைசல் இன்னும் மோசம். மூக்குக் கட்டிகள் இருந்தால் எலும்பைக் கரைக்க அமிலம் பயன்படுத்தினார்களா, ஈ.டி.டி.ஏ-வா என்றும் கேளுங்கள். அமிலம் என்றால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

---

கத்தரி

சி.டி.ஏ-வை வரிசை படிக்காமலே சரிபார்க்க ஒரு மலிவான வழி. கே-ராஸ் 61-ஆம் கோடானைச் சுற்றி இருப்பது ஜி.ஜி.டி – சி.ஏ.ஏ – ஜி.ஏ.ஜி. நடுவில் சி.டி.ஏ ஆனால் டி.சி.டி.ஏ.ஜி.ஏ என்ற ஆறெழுத்து உருவாகிறது. எக்ஸ்பிஏ1 நொதி வெட்டும் இடம் அது. இயல்பான படியில் அந்த இடமே இல்லை. ஆகவே பி.சி.ஆர் துண்டை எக்ஸ்பிஏ1-இல் 37 டிகிரியில் வைத்து, 3 சதவீத அகரோஸில் ஓட்டினால், வெட்டுப்பட்டது சி.டி.ஏ. சி.ஜி.ஏ-வாக மாறியிருந்தால் வெட்டாது. கே-ராஸின் உறவு மரபணுவான ஹெச்-ராஸின் 61-ஆம் கோடானிலும் இதே தந்திரம் செல்லும், அங்கே அடுத்த கோடான் ஜி.ஏ.ஏ என்பதால் வெட்டிடம் மாறாது.

யுரெத்தேன் கொடுத்த ஏ/ஜே இனச் சுண்டெலிக் கட்டியின் டி.என்.ஏ கிடைத்தால் நேர்க் கட்டுப்பாடாக வைத்துக்கொள்ளலாம். அவற்றில் 61-ஆம் கோடான் பிறழ்வு சாதாரணம். ஆனால் அந்தக் குழாயை உங்கள் மாதிரிகள் இருக்கும் மேசைக்கே கொண்டுவராதீர்கள். பி.சி.ஆர் முடிந்த அறையில்தான் திறக்க வேண்டும்.

பிரைமரை வெட்டிடம் சரியாக நடுவில் விழும்படி வைக்காதீர்கள். இரண்டு சம துண்டுகள் ஒரே பட்டையாகத் தெரியும், குறைந்த அளவு பிறழ்வை அளக்க முடியாது. 90-ம் 50-ம் போல வரட்டும்.

---

நச்சியல்_நோக்கு

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மாதிரி இடம் மாறியிருக்கலாம், அதைச் சோதிக்கவும் வேண்டும். ஆனால் தலைகீழாகத் தெரிவதாலேயே தவறு என்று முடிவு கட்டாதீர்கள். இதே வேதிப்பொருளில் இது ஏற்கெனவே பதிவான விஷயம்.

அமெரிக்க தேசிய நச்சியல் திட்டத்தின் குளோரோப்ரீன் சோதனையில் செறிவுகள் 12.8, 32, 80 பி.பி.எம். அந்தக் கட்டிகளை ஆராய்ந்து 1999-இல் வெளியான முடிவு இது: குளோரோப்ரீன் சுவாசித்தவற்றில் 46 நுரையீரல் கட்டிகளில் 37-இல், அதாவது 80 சதவீதத்தில், கே-ராஸ் பிறழ்வு. தானாக வந்த கட்டிகளில் 82-இல் 25, 30 சதவீதம். முதன்மையாக வந்தது 61-ஆம் கோடானில் ஏ → டி. தானாக வந்த நுரையீரல் கட்டிகளில் அந்த மாற்றம் ஒன்றுகூட இல்லை. செறிவு வாரியாக அதன் பங்கு 12.8 பி.பி.எம்-இல் 80 சதவீதம், 32-இல் 71, 80 பி.பி.எம்-இல் வெறும் 18. உங்கள் வரைபடத்தின் சாய்வு இதே பக்கம்தான் இருக்கிறது.

ஏன் அப்படி? என் கணிப்பு இது. அதிக செறிவில் டி.என்.ஏ பாதிப்போடு திசுச் சேதமும், அதைச் சரிக்கட்டும் செல் பெருக்கமும் சேர்கின்றன. அப்போது கே-ராஸ் வழியே போகாத கட்டிகளும், வேறு கோடானில் பிறழ்ந்த செல்களும் வளர இடம் கிடைக்கிறது. பங்கு குறைந்தது என்றால் ஏ → டி கட்டிகளின் எண்ணிக்கை குறைந்தது என்று பொருளல்ல. மொத்தக் கட்டிகள் கூடியிருந்தால் பங்கு தானே இறங்கும். ஆகவே சதவீதத்தை மட்டும் வைத்துக் கோடு போடாமல், குழுவில் இருந்த மொத்தச் சுண்டெலிகளில் எத்தனை ஏ → டி கட்டி என்றும் கணக்கிடுங்கள். பலர் இதைச் செய்வதில்லை, அதனால்தான் "மருந்தளவு கூடினால் பிறழ்வு குறைகிறது" என்ற தவறான வாக்கியம் அறிக்கைகளில் நுழைகிறது.

ஹார்டேரியனைக் கட்டாயம் சேருங்கள். அதே ஆய்வில் குளோரோப்ரீன் ஹார்டேரியன் கட்டிகள் 27-இல் 27-லும் ராஸ் பிறழ்வு இருந்தது. தானாக வந்தவற்றில் 27-இல் 15. அங்கே ஏ → டி பங்கு மூன்று செறிவிலும் ஒரே மாதிரி. நுரையீரலில் சரிவு, ஹார்டேரியனில் சமம் என்றால், சரிவு நுரையீரலின் உள்ளூர்க் காரணத்தால் வருகிறது என்று வாதிட வலு கிடைக்கும். மனிதனுக்கு இந்தச் சுரப்பி இல்லையே என்று சிலர் தள்ளிவிடுவார்கள். இங்கே நாம் கேட்பது மனிதனுக்கு எந்த உறுப்பில் கட்டி வரும் என்பதல்ல. இரத்தத்தில் ஏறிய வளர்சிதைப் பொருள் டி.என்.ஏ-வில் எந்த எழுத்தைத் தாக்குகிறது என்பதை. அதற்கு இந்தச் சுரப்பி நல்ல சாட்சி.

பிறழ்வின் வகைதான் ஆதாரம், எண்ணிக்கை இரண்டாம்பட்சம். அதைப் புரிந்துகொள்ள உறவுக்கார வேதிப்பொருள்களை அருகருகே வையுங்கள். 1,3-பியூட்டாடையீன், ஐசோப்ரீன், குளோரோப்ரீன் மூன்றும் ஒரே எலும்புக்கூடு. மூன்றும் கல்லீரலிலும் நுரையீரலிலும் சைட்டோக்ரோம் நொதியால் எப்பாக்சைடு என்ற வினைமிகு பொருளாக மாறி டி.என்.ஏ-வில் ஒட்டுகின்றன. ஆனால் பியூட்டாடையீனில் முதன்மையானது கே-ராஸ் 13-ஆம் கோடானில் ஜி.ஜி.சி → சி.ஜி.சி. ஐசோப்ரீனும் குளோரோப்ரீனும் கே-ராஸ் 61-இல் ஏ → டி. எத்திலீன் ஆக்சைடு சுவாசித்தவற்றில் ஆராய்ந்த 23 நுரையீரல் கட்டிகளிலும் கே-ராஸ் பிறழ்வு, அவற்றில் 21 கட்டிகளில் 12-ஆம் கோடானில் ஜி → டி. தானாக வந்த 108-இல் அந்த மாற்றம் ஒன்றே ஒன்று. டெட்ராநைட்ரோமீத்தேனில் நுரையீரல் கட்டிகள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் ஜி.ஜி.டி → ஜி.ஏ.டி.

டெட்ராநைட்ரோமீத்தேனை வேண்டுமென்றே சொல்கிறேன். மேலே பாரஃபின்_மேசை சொன்ன ஃபார்மலின் பொய்யும், தானாக வரும் பிறழ்வும், அந்த வேதிப்பொருளின் நிஜமான கையெழுத்தும் மூன்றும் ஒரே ஜி.ஏ.டி. அதனால்தான் கட்டுப்பாட்டுக் கட்டிகளும் அதே காலத்தில், அதே ஃபார்மலினில், அதே அளவு நேரம் ஊறியவையாக இருக்க வேண்டும்.

எதிர்ப்பக்க எடுத்துக்காட்டும் உண்டு. டெட்ராஃப்ளூரோஎத்திலீன் சுவாசித்த சுண்டெலிகளின் கல்லீரல் கட்டிகளில் ஹெச்-ராஸ் 61 பிறழ்வு 15 சதவீதம்தான். தானாக வரும் கல்லீரல் கட்டிகளில் அது பாதிக்கும் மேல். குறைவதும் ஒரு செய்தி: இந்தக் கட்டிகள் வேறு பாதையில் வந்தவை. மெத்திலீன் குளோரைடில் ராஸ் பிறழ்வுகள் தானாக வந்தவற்றிலிருந்து தனித்துத் தெரியவில்லை. அதை வைத்து அது கட்டியை உண்டாக்கவில்லை என்று எழுத முடியாது. கட்டி எண்ணிக்கை தெளிவாகக் கூடியிருந்தது.

ஒரு கூடுதல் எச்சரிக்கை. ஆவியின் தூய்மைப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். குளோரோப்ரீன் சும்மா வைத்தாலே இருபடியாகும், காற்று பட்டால் பெராக்சைடு தரும். பியூட்டாடையீன் இருபடியானால் வருவது 4-வினைல்சைக்ளோஹெக்சீன். அதுவே சுண்டெலியின் சூலகத்தில் கட்டி உண்டாக்கக்கூடியது. கூண்டறையில் அளந்த செறிவு மட்டும் போதாது, எதை அளந்தார்கள் என்பதும் தெரிய வேண்டும்.

---

கண்ணாடிச்சில்லு

மிக்க நன்றி, எல்லோருக்கும். யு.டி.ஜி போட்டு முதல் ஆறு மாதிரிகளை மறுபடி செய்ததில் நான்கில் ஜி.ஏ.டி மறைந்தது, இரண்டில் நிலைத்தது. சி.டி.ஏ எதிலும் மறையவில்லை, எக்ஸ்பிஏ1-உம் வெட்டுகிறது. இனி எண்ணிக்கைதான் கவலை. 9-க்கு எதிராக 20 போதுமா? துளி பி.சி.ஆர் (டி.என்.ஏ-வைப் பல்லாயிரம் துளிகளாகப் பிரித்துப் பிறழ்ந்த படிகளை எண்ணும் முறை) போட்டால் 0.1 சதவீதம் வரை பிடிக்கலாம் என்கிறார்கள், அது உதவுமா?

---

சதவீதம்

கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். உங்கள் உண்மையான எண்கள் தெரியாது, எடுத்துக்காட்டுக்கு: கட்டுப்பாட்டில் 9-இல் 3, சுவாசித்தவற்றில் 20-இல் 14 கே-ராஸ் பிறழ்வு என்று வைப்போம். 33 சதவீதத்துக்கு எதிராக 70. பார்க்கப் பெரிய வித்தியாசம். ஃபிஷர் சோதனையில் இருபக்க பி மதிப்பு சுமார் 0.11. ஒன்றும் நிரூபணமாகவில்லை.

அதே மாதிரிகளில் சி.டி.ஏ மட்டும் எண்ணுங்கள்: கட்டுப்பாட்டில் 9-இல் 0, மற்றதில் 20-இல் 8 என்று வைப்போம். பி மதிப்பு 0.033. மாதிரி எண்ணிக்கை மாறவில்லை, கேள்வி கூர்மையானது, அவ்வளவுதான். ஆனால் இந்தச் சோதனை செல்ல வேண்டும் என்றால், சி.டி.ஏ-வைத்தான் பார்க்கப் போகிறோம் என்று மாதிரியைத் தொடும் முன்னே எழுதி வைத்திருக்க வேண்டும். குளோரோப்ரீனுக்கு அது முன்பே தெரிந்த கையெழுத்து என்பதால் அப்படி எழுத நியாயமான காரணம் உங்களுக்கு இருக்கிறது. எல்லா மாற்றங்களையும் பார்த்துவிட்டு நன்றாகத் தெரிவதைப் பொறுக்கி எடுத்தால் 0.033-க்கு அர்த்தம் இல்லை.

புதிதாகத் திட்டமிடுபவர்களுக்கு: 30 சதவீதம், 80 சதவீதம் என்ற இடைவெளியைப் பிடிக்கக் குழுவுக்கு 20 கட்டி வரை போதும். 30-க்கும் 50-க்கும் இடையே என்றால் குழுவுக்கு 100 அளவில் தேவை. கட்டுப்பாட்டுச் சுண்டெலிகளில் அத்தனை நுரையீரல் கட்டி ஒரே சோதனையில் கிடைக்காது. அதனால்தான் பழைய சோதனைகளின் கட்டுப்பாட்டுக் கட்டிகளைச் சேர்க்கிறார்கள். சேர்க்கலாம், ஆனால் தனி வரிசையாகக் காட்டுங்கள். உங்கள் 9-ஐயும் பழைய 82-ஐயும் ஒரே எண்ணாகக் கலக்காதீர்கள். ஆய்வுக்கூடம், ஊறிய நேரம், படித்த முறை மூன்றும் வேறு.

ஒரே சுண்டெலியின் மூன்று கட்டிகளை மூன்று தனி மாதிரியாக எண்ணுவது தவறு. எளிய வழி, சுண்டெலிக்கு ஒரு கட்டி. எது என்பதைப் பிறழ்வு முடிவு தெரியும் முன் தேர்ந்தெடுங்கள், மிகப் பெரியது அல்லது குலுக்கல். எல்லாவற்றையும் பயன்படுத்த வேண்டும் என்றால் விலங்கைக் கொத்தாக எடுத்துக்கொள்ளும் மாதிரியுரு தேவை. மூன்றிலும் ஒரே அரிய பிறழ்வு இருந்தால் அவை பரவிய ஒரே கட்டியா என்று நோயியலாளரிடம் கேளுங்கள்.

துளி பி.சி.ஆர் பற்றி. 10 நானோகிராமில் 3,300 படி என்று மேலே வந்தது. 0.1 சதவீதம் என்றால் மூன்றே படி. பழைய பிளாக்கில் அந்த மூன்றும் சிதைவாக இருக்கலாம். இன்னொன்று, கட்டியே இல்லாத சுண்டெலி நுரையீரலிலும் கே-ராஸ் 12 பிறழ்ந்த செல்கள் மிகச் சிறிய அளவில் எப்போதும் உண்டு. மிகக் கூர்மையான கருவியால் பார்த்தால் எல்லாக் கட்டியும் "பிறழ்வு உள்ளது" ஆகிவிடும். கட்டியைத் தொடங்கி வைத்த பிறழ்வு என்றால் அது கட்டிச் செல் அனைத்திலும், இரண்டு படியில் ஒன்றில் இருக்க வேண்டும். சுரண்டியதில் 60 சதவீதம் கட்டிச் செல் என்று நோயியலாளர் சொன்னால், பிறழ்ந்த படி 30 சதவீதம் அளவில் எதிர்பாருங்கள். 2 சதவீதம் வந்தால் அது வேறு கதை. சாங்கர் 15 முதல் 20 சதவீதத்துக்குக் கீழே பார்க்காது. எனவே கட்டிச் செல் 40 சதவீதத்துக்குக் குறைந்த மாதிரிகளில் "பிறழ்வு இல்லை" என்று எழுதாமல், "முடிவு செய்ய இயலாது" என்று தனியே வையுங்கள். துளி பி.சி.ஆருக்கு இங்கேதான் வேலை.

---

பாரஃபின்_மேசை

மேலே சொன்னதோடு ஒன்று. உங்கள் வேதிப்பொருள் ஆவி. தூளாகச் சுவாசித்த சோதனைகளின் பிளாக்குகளை யாராவது இதே முறையில் செய்வதானால், வனேடியம் பென்டாக்சைடு, கோபால்ட் தூள் போன்றவை, கட்டிக்குள்ளும் சுற்றிலும் அழற்சிச் செல்களும் மேக்ரோஃபேஜ்களும் அடைத்திருக்கும். ஸ்லைடில் கட்டி நிறைந்த இடம் போலத் தெரிந்தாலும் டி.என்.ஏ-வில் பாதி இரத்தச் செல்களுடையது. அங்கே ஊசியால் சுரண்டுவது போதாது, லேசர் வெட்டு வேண்டும்.

வனேடியத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 40 கார்சினோமாக்களில் (புற்றுக்கட்டிகளில்) 29-இல் கே-ராஸ் பிறழ்வு. பிறழ்ந்தவற்றில் 83 சதவீதத்தில் 6-ஆம் குரோமோசோமில் கே-ராஸ் இருக்கும் பகுதியின் இயல்பான படியும் தொலைந்திருந்தது. இயல்பான கே-ராஸ் படி கட்டியைத் தடுக்கும் பக்கம் நிற்கிறது. அது தொலைந்த கட்டியில் பிறழ்ந்த படி 50 சதவீதத்தைத் தாண்டும். வரைபடத்தில் பிறழ்ந்த முகடு இயல்பு முகட்டைவிட உயரமாக இருந்தால் மாசு என்று தூக்கிப் போடாமல், இதைச் சோதியுங்கள். பி6சி3எஃப்1 என்பது சி57பிஎல்/6 தாய்க்கும் சி3ஹெச் தந்தைக்கும் பிறந்த கலப்பு. இரண்டு பெற்றோரின் மைக்ரோசாட்டிலைட் (திரும்பத் திரும்ப வரும் சிறு டி.என்.ஏ வரிசை) நீளங்கள் வேறுபடும் இடங்களில் எந்தப் படி போயிற்று என்று எளிதில் பார்க்கலாம். தூய இனத்தில் இந்த வசதி கிடையாது.

---

நச்சியல்_நோக்கு

முடிவை எழுதும்போது எவ்வளவு தூரம் போகலாம் என்று அடுத்து கேட்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். மனித நுரையீரல் புற்றில் கே-ராஸ் பிறழ்வு பெரும்பாலும் 12-ஆம் கோடானில், புகைப்பவர்களிடம் ஜி → டி. 61-ஆம் கோடான் அங்கே அரிது. ஆகவே சி.டி.ஏ-வை மனிதரில் தேடும் அடையாளமாக எழுதாதீர்கள். சுண்டெலி நுரையீரலின் கிளப் செல்களில் (மூச்சுச் சிறுகுழாய்களின் உட்சுவர்ச் செல்கள்) சி.ஒய்.பி2எஃப்2 என்ற நொதி மிகுதி, மனித நுரையீரலில் அதற்கு நிகரான செயல்பாடு மிகக் குறைவு. இது வாதத்தில் எப்போதும் எழும்.

எழுதக்கூடியது இது: இந்த வேதிப்பொருளின் எப்பாக்சைடு நேரடியாக டி.என்.ஏ-வைத் தாக்கியே கட்டியைத் தொடங்குகிறது என்ற கருத்துக்கு, தானாக வரும் கட்டிகளில் இல்லாத பிறழ்வு ஆதரவு தருகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2010-இல் குளோரோப்ரீனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக மதிப்பிட்டு, அதன் வழிமுறை பிறழ்வு சார்ந்தது என்று ஏற்றபோது இந்த வகைச் சான்றுகளும் கணக்கில் வந்தன. அந்த முடிவால் சிறுவயதில் சுவாசிப்பவர்களுக்குக் கூடுதல் இடர் காரணி சேர்ந்தது. லூசியானாவின் லாப்ளாஸில் நியோப்ரீன் ஆலையைச் சுற்றி வாழ்பவர்களுக்கான காற்று அளவு விவாதத்தில் அந்த எண்தான் மையமாக இருந்தது. பொய்யான ஒரு ஜி.ஏ.டி-யை நிஜம் என்று பதிந்தால் அது அட்டவணையோடு நிற்காது என்பதற்காகச் சொல்கிறேன்.

பணமும் டி.என்.ஏ-வும் மிஞ்சினால் முழு மரபணுத்தொகையையும் படிக்கச் சொல்வார்கள். 2020-இல் நேச்சர் ஜெனிடிக்ஸில் 20 வேதிப்பொருள்கள் தந்த சுண்டெலிக் கட்டிகளை அப்படிப் படித்ததில், பெரும்பாலானவற்றில் தனித்த பிறழ்வுக் கையெழுத்தோ கூடுதல் பிறழ்வுச் சுமையோ தெரியவில்லை. வினைலிடீன் குளோரைடு போன்ற சிலவற்றில்தான் தெளிவாக வந்தது. ஆகவே ராஸ் கோடானில் தெளிவாக வரும் அடையாளம் முழுத் தொகையிலும் அப்படியே தெரியும் என்று எதிர்பார்த்து மாதிரியைச் செலவழிக்காதீர்கள். முதலில் மிச்சம் 14 கட்டிகளையும் யு.டி.ஜி-யோடு முடியுங்கள், 9 கட்டுப்பாட்டுக் கட்டிகளையும் அதே நாளில், அதே தட்டில். கட்டுப்பாட்டை யு.டி.ஜி இல்லாத பழைய ஓட்டத்திலேயே விட்டுவைத்தால், அங்கே மிஞ்சும் பொய் ஜி.ஏ.டி-க்கள் உங்கள் வித்தியாசத்தை அப்படியே விழுங்கிவிடும்.